கூடை தூக்கற கைக்கு ஒரு வாட்ச்

வாட்ச் கடை வெச்சிருக்கறவளுக்குன்னு ஒரு தலையெழுத்து உண்டு: கடைக்குள்ள வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேரு மணி கேக்கத்தான் வருவாங்க.

வாங்க மாட்டாங்க. விலை கூடக் கேக்க மாட்டாங்க. சுவத்துல வரிசையா கடிகாரம் தொங்குது, அதை அண்ணாந்து ஒரு தடவை பாத்துட்டு, அப்பவும் என் மூஞ்சியப் பாத்து "மணி என்னாங்க?"ன்னு கேப்பாங்க. ஓட்டல்காரன்கிட்ட போயி "சாம்பார் வாசனை புடிச்சிட்டுப் போறேன்"னு எவனாவது சொல்லுவானா? கல்லாவுக்குப் பின்னாடி உக்காந்து காலம் தள்ற என் சக பாவிகளே, நீங்க மளிகை வெச்சிருந்தாலும் சரி, மருந்துக்கடை வெச்சிருந்தாலும் சரி, இந்த எரிச்சல் உங்களுக்குத்தான் புரியும். அதனால உங்களுக்குத்தான் எழுதறேன்.

பாண்டியில ஒரு வாட்ச் ஷோரூம்ல வருஷக்கணக்கா கால் கடுக்க நின்னு வித்தவ நான். ரெண்டாயிரத்து நாலுல சொந்த ஊரு மரக்காணத்துல, உப்பளத்துக்குத் திரும்பற ரோட்டு முனையில தனியா கடை போட்டேன். ஒரு பொம்பளை வாட்ச் கடை வெக்கறாளான்னு வேடிக்கை பாக்க வந்த கூட்டமே ஒரு மாசத்துக்கு இருந்துச்சு. கட்டடம் ஒரு உப்பள முதலாளியுது. சாவி குடுத்த அன்னைக்கே சொல்லிட்டாரு: யாவாரம் படுத்துச்சுன்னா செல்போன் கடையா மாத்திடணும், இல்லன்னா இடத்தை அவரு மருமகனுக்கு விட்டுடணும். அதனால அந்த எடத்துல இருந்த ரெண்டு வருஷமும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் தினமும் ஷட்டரைத் தூக்குவேன். தூக்கினதுக்கப்புறம் எவன் வந்தாலும் விட்டுக் குடுக்க மாட்டேன், அது வேற விஷயம்.

மூஞ்சியும் முதுகும்

மொதல் பெரிய யாவாரம் பெருமுக்கல்லேருந்து வந்துச்சு. கல்யாண வீட்டுக்காரங்க. பொண்ணோட அப்பா, சித்தப்பா, ரெண்டு அத்தைங்க, எல்லாரும் ஒரே வேன்ல வந்து எறங்குனாங்க. மாப்பிள்ளைக்கு நல்ல வாட்ச்சா ஒண்ணு வேணும்னாங்க. எனக்கு வாய் சும்மா இருக்குமா? பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டேன். "வாட்ச் வாங்கறப்ப அது மூஞ்சியப் பாக்காதீங்க, முதுகப் பாருங்க. பின்மூடி ஸ்டீலா, இல்ல பித்தளையில மொலாம் பூசினதா? சும்மா அமுத்தி மூடுனதா, மரை போட்டுத் திருகுனதா? உள்ள ரப்பர் வளையம் இருக்குதா? சாவியைத் திருப்பினா வழுவழுன்னு சுத்துதா, கரகரங்குதா? நம்ம ஊரு உப்புக் காத்துல மொலாம் வாட்ச் ஒரு மழைக்காலம் தாங்காது, பச்சை புடிச்சிடும்"னு சொல்லி, வெள்ளை ஸ்டீல் வாட்ச் ஒண்ணை எடுத்து நீட்டினேன்.

அந்த வாட்ச்ச ஒரு அத்தை ரெண்டு விரல்ல தூக்கிப் பாத்தாங்க, பழைய சோறு மாதிரி. அப்புறம் கண்ணாடி அலமாரியில தகதகன்னு இருந்த தங்கக் கலரைக் கை காட்டுனாங்க. அது மொலாம்தான்னு நானே சொன்னேன். சீக்கிரம் நின்னுடும்னும் சொன்னேன். விக்கறவளே வேணாம்னு சொல்ற சரக்கை வாங்கறதுக்குன்னே சில பேரு வருவாங்க, உங்க கடைக்கும் வந்திருப்பாங்க. பொண்ணோட அப்பா என்னைப் பாவமாப் பாத்துட்டுச் சொன்னாரு: "போட்டோ புடிக்கிற வரைக்கும் மின்னுனா போதும்மா. அதுக்கப்புறம் அது நின்னா, அது மாப்ள பாடு."

கருவாட்டு வைத்தியம்

உப்பளத்துல டிராக்டர் ஓட்டற ஏழுமலை ஒரு நாள் கையில ஒரு தூக்குச்சட்டியோட வந்தான். மீன் கொழம்பு எதுனா குடுத்து அனுப்பிச்சாங்களான்னு ஆசையா மூடியத் தொறந்தேன். உள்ள முழுக்க உப்பு. கல்லு கல்லா, வெள்ளை வெளேர்னு, நம்ம ஊரு மொதல் ரக உப்பு. "என்னாடா இது?"ன்னேன். "உள்ள வாட்ச் இருக்குதுக்கா, எடுத்துப் பாரு"ன்றான்.

நடந்தது என்னான்னா, கால்வாயில வண்டி கழுவறப்ப வாட்ச் தண்ணியில விழுந்துடுச்சு. கண்ணாடிக்குள்ள ஆவி கட்டிக்கிச்சு. இவன் யோசிச்சிருக்கான். ஈரத்தை இழுக்கணும். ஈரத்தை எது இழுக்கும்? வீட்ல அவங்கம்மா கருவாடு போடறவங்க. கொண்டாந்து சட்டியில உப்பைக் கொட்டி, நடுவுல வாட்ச்ச வெச்சு, மேலயும் உப்பைக் கொட்டி வெயில்ல வெச்சுட்டான். நாலு நாள் கழிச்சுப் பின்மூடியக் கழட்டுனா, உள்ள மிஷினே இல்ல, பச்சையா ஒரு தொவையல் இருக்குது. எனக்குச் சிரிப்புத் தாங்கல, கோவமும் தாங்கல. "அட அறிவுகெட்டவனே, உப்புலேருந்து வாட்ச்ச எப்டிக் காப்பாத்தறதுன்னு நான் மண்டைய ஒடைச்சிக்கிட்டு இருக்கேன், நீ பொதைச்சே வெச்சுட்டியேடா"ன்னு கத்தினேன். அவன் கொஞ்சம் கூட அசரல: "மீனு உப்புல கெடந்தா கெடாம இருக்குது, வாட்ச் மட்டும் ஏன்க்கா கெட்டுப் போச்சு?"

பாய் உரிக்கவே இல்ல

நல்ல வாட்ச்சுன்னு நான் கையில தொட்டதுல மறக்க முடியாத ஒண்ணு கூனிமேட்டு பாய் ஒருத்தரோடது. ஜவுளி மூட்டை எடுத்துட்டு ஊர் ஊரா யாவாரம் பண்றவரு. மவன் துபாய்லேருந்து அனுப்பிச்சதும்மான்னு கையை நீட்டினாரு. நெசமாவே தரமான வாட்ச். கனம், மிஷின், மரை மூடி, எல்லாம் அசல். ஆனா வாங்கறப்ப மேல ஒட்டியிருக்குமே பிளாஸ்டிக் தாளு, கண்ணாடி மேலயும் முதுகு மேலயும், அதை மனுஷன் உரிக்கவே இல்ல. மூணு வருஷமா அப்டியே கட்டிட்டுச் சுத்தியிருக்காரு. வேர்வையும் உப்புக் காத்தும் அந்தத் தாளுக்கு அடியில பூந்து, வெளிய வர வழியில்லாம, நல்ல ஸ்டீலைப் போயி புள்ளி புள்ளியா அரிச்சு வெச்சிருக்குது.

தப்பு வாட்ச்சோடது இல்ல பாய், உங்களோடதுதான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். எந்த வாட்ச்சா இருந்தாலும் அது மூச்சு விடணும், சாயந்தரம் ஒரு ஈரத் துணியில தொடைச்சு வெக்கணும், அவ்ளோதான் பண்டுவம். தாளை உரிக்கட்டுமான்னு நகத்தைக் கொண்டு போனேன். சட்டுன்னு கையை இழுத்துக்கிட்டாரு. கோவமான்னு பாத்தா, கோவமில்ல. கண்ணு ரெண்டும் கலங்கி இருந்துச்சு: "உரிச்சுட்டா அது என் வாட்ச் ஆயிடும்மா. உரிக்காத வரைக்கும் அது எம் மவன் அனுப்பிச்ச வாட்ச்."

நின்னதுதான் வேணுமாம்

அந்த டிசம்பர் சுனாமி அலை வந்துட்டுப் போன அடுத்த வாரம். கடையத் தொறக்கறதா வேணாமான்னு தெரியாம பாதி ஷட்டர் போட்டு உக்காந்திருந்தேன். தோள்ல கேமராவோட ஒருத்தரு வந்தாரு, பத்திரிகையாம். அலை அடிச்ச நேரத்துல நின்னு போன வாட்ச் ஏதாவது ரிப்பேருக்கு வந்திருக்குதான்னு கேட்டாரு. முள்ளு அந்த நேரத்தைக் காட்டிக்கிட்டு நிக்கணுமாம், மேல கொஞ்சம் மண்ணு ஒட்டியிருந்தா இன்னும் நல்லா இருக்குமாம். கடையில ஒரு பழைய வாட்ச் இருந்தா குடுங்க, நானே முள்ளைத் திருப்பி வெச்சுக்கறேன்னு வேற சொன்னாரு. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. "வெளிய போங்க சார்"ன்னேன்.

அப்பப் பாத்து குப்பத்துக்கார அண்ணன் ஒருத்தரு ஸ்ட்ராப்பு மாத்த வந்தாரு. அலையில அடிச்சிட்டுப் போயி, ஒரு பனைமரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உசிரு பொழைச்சவரு. அவரு கையில இருந்தது நான் வித்த ஸ்டீல் வாட்ச். ஸ்ட்ராப்பு பிஞ்சிடுச்சு, வாட்ச் ஓடிக்கிட்டு இருக்குது. கேமராக்காரரு அதை வாங்கிப் பாத்து, ஓடுதேன்னு மொகம் சுருங்கிப் போனாரு. அந்த அண்ணன் வாட்ச்சைத் திருப்பி வாங்கிக்கிட்டுச் சொன்னாரு: "வாட்ச் ஓடுது சார், நான் என்னா பண்ணட்டும்? நின்னு போனதைப் படம் புடிக்கணும்னா எங்க தெருவுக்கு வா, ஒரு வீட்லயும் அடுப்பு எரியல, அதைப் புடி."

ஜோபியில மணி இருக்குது

அடுத்த வருஷம் செல்போன் வந்து குமிஞ்சுடுச்சு. கைக்கு அடக்கமா, எண்ணு பெருசா, விலை எறங்கி எறங்கி. கடைக்கு வர்ற பசங்க ஜோபியிலேருந்து அதை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா காட்டுவானுங்க, "இதுலயே மணி இருக்குது, அப்புறம் எதுக்கு வாட்ச்?"னு. நானும் ஒவ்வொருத்தன்கிட்டயும் சண்டை போடுவேன். மணி பாக்க ஜோபிக்குள்ள கைய விட்டுத் துழாவணும், வெளிய எடுக்கணும், பட்டனை அமுத்தணும். அதுக்கு ரெண்டு கையும் காலியா இருக்கணும். பாத்தியில உப்பு வாரறவன் கை காலியா இருக்குதா? வலை இழுக்கறவன் கை? ஒரு சொட்டு உப்புத் தண்ணி பட்டா அந்த போன் அன்னைக்கே மூச்சை விட்டுடும். வாட்ச் அப்டியா? கைய லேசாத் திருப்பினா போதும். ஒரு தடவை நல்லதா வாங்கிட்டா பத்து வருஷத்துக்கு எவன்கிட்டயும் போயி நிக்க வேணாம்.

சொல்லிக்கிட்டே இருந்தேன். யாவாரம் என்னமோ கீழதான் போச்சு. நான் ஒண்ணும் மறைக்கல. ஒரு சாயந்தரம் முதலாளி வந்து ஸ்டூலைப் போட்டு உக்காந்தாரு. அவரு மருமகனும் கூட வந்து, எந்தச் செவத்துல எந்த போஸ்டர் ஒட்டலாம்னு அளவு பாத்துக்கிட்டு நிக்கறான், நான் உசிரோட இருக்கறப்பவே. தைப் பொங்கல் வரைக்கும் பாருங்க, நான் காட்டறேன்னு சொன்னேன். முதலாளி எழுந்து வேட்டியை ஒதறிக் கட்டிக்கிட்டு, ரொம்ப அக்கறையாச் சொன்னாரு: "வாட்ச் செத்துப் போச்சும்மா. பொணத்தை வெச்சுக்கிட்டு எத்தினி நாளைக்குக் கடை தொறப்ப?"

பெரிய மூஞ்சி

அதுக்கப்புறம் வந்தவதான் அஞ்சலை. முதலாளியோட அளத்துலதான் வேலை. பாத்தியில வாரி வெச்ச உப்பைக் கூடையில அள்ளி, தலையில தூக்கிட்டுப் போயி அம்பாரத்துல கொட்டணும். காலெல்லாம் வெடிப்பு வெடிப்பா இருக்கும், அதுல உப்புத் தண்ணி பட்டா எப்டி எரியும்னு நெனைச்சாலே எனக்கு உடம்பு கூசும். வந்ததும் வராததுமா, "உப்புத் தண்ணிக்குத் தாங்கற வாட்ச் ஒண்ணு குடுக்கா, ஏமாத்தாம குடு"ன்னா. இத்தினி நாளா இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்! ஸ்டீல் உடம்பு, மரை மூடி, ரப்பர் வளையம், தோலு ஸ்ட்ராப்பு வேணாம் ஊறி நாறிடும், செயின் வேணாம் இடுக்குல உப்பு ஏறிக்கும், நைலான் பட்டை போட்டுக்க, வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணியில அலசிடுன்னு மூச்சு விடாம சொன்னேன். பொம்பளைங்க கட்டற சின்ன வாட்ச்சா நாலைஞ்சு எடுத்துப் பரப்பினேன்.

அவ ஒண்ணையும் தொடல. ஆம்பளைங்க வாட்ச்ல இருக்கறதுலயே பெரிய மூஞ்சியக் கேட்டா. கருப்பு எண்ணு, தடி முள்ளு. கட்டிப் பாத்தா, அவ குச்சிக் கையில அது தட்டு மாதிரி இருக்குது. "உனக்குக் கண்ணு சரியாத் தெரியலையா அஞ்சலை? இவ்ளோ பெருசு எதுக்கு?"ன்னு கேட்டேன். அவ கைய மேல தூக்கி, தலையில கூடை இருந்தா எப்டிப் புடிப்பாளோ அப்டிப் புடிச்சு, முதுகைக் காட்டித் திரும்பி நின்னா. வாட்ச் அவ தலைக்கு மேல, என் கண்ணுக்கு நேரா இருக்குது. தலையத் திருப்பாமலே கேட்டா: "மணி தெரியுதாக்கா? எனக்குப் பாக்க இல்ல, எம் பின்னால கூடையோட வர்றவளுங்களுக்குப் பாக்க."

அளத்துக்கு ஒரே மணி

அளத்து வழக்கம் தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். இருட்டோட போயி வேலையில எறங்குவாங்க. வெயில் உச்சிக்கு ஏறறதுக்குள்ள, பதினோரு மணிக்குக் கரையேறிடலாம். இதுதான் பேச்சு. ஆனா அந்தப் பதினோரு மணியச் சொல்றது மேஸ்திரி வாட்ச். அளத்துக்குள்ள அவரு ஒருத்தர்தான் வாட்ச் கட்டுவாரு. மத்தவங்க கட்டக் கூடாதுன்னு யாரும் போர்டு எழுதி வெக்கல, ஆனா எவரும் கட்டறதில்ல. உப்பு தின்னுடும்னு ஒரு காரணம். மேஸ்திரிக்கு எதிர்ல வாட்ச் கட்டினா அது திமிரு, அது இன்னொரு காரணம். நிழலைப் பாத்தா மணி ஆயிட்ட மாதிரிதான் தெரியும், ஆனா நிழலைக் காட்டி யாரு மேஸ்திரிகிட்ட பேசறது? "என்னா, கலெக்டராபீசுக்குப் போவணுமா?"ன்னு கேப்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க, அப்புறம் கூடையத் தூக்குவாங்க.

அஞ்சலை வாட்ச் கட்டிட்டுப் போன மொத நாளே விஷயம் தெரிஞ்சு போச்சு. அவ வாட்ச்ல பதினொண்ணு அடிச்சு, அரை மணி நேரம் கழிச்சுத்தான் மேஸ்திரிக்குப் பதினொண்ணு ஆச்சு. ரெண்டாம் நாளும் அதே. மூணாம் நாள் அவரு அவளைக் கூப்பிட்டு, வாட்ச்ச வீட்ல அவுத்து வெச்சுட்டு வர்றதா இருந்தா வேலைக்கு வா, இல்லன்னா வராதன்னு சொல்லிட்டாரு. அவ கடைக்கு வந்து இதைச் சொன்னதும் எனக்கு மனசு ஒடைஞ்சு போச்சு. ரெண்டு புள்ளைங்க அவளுக்கு. என் வாயால வித்த வாட்ச் அவ சோத்துல மண்ணு போட்டுடுமோன்னு பயந்து, "குடுத்துடு அஞ்சலை, காசைத் திருப்பிக் குடுத்துடறேன்"னு சொன்னேன். அவ வாட்ச்ச இன்னொரு கையால மூடிக்கிட்டா: "வாட்ச் தப்பா ஓடுச்சுன்னா சிரிச்சுட்டு விட்டிருப்பாருக்கா. அவுக்கச் சொல்றாருன்னா, அது சரியாத்தான் ஓடுது."

டீக்கடை ரேடியோ

அடுத்த நாள் அவ வாட்ச்சோடதான் போனா. பதினோரு மணிக்குக் கூடைய எறக்கி வெச்சா. அவ பின்னால வந்தவளுங்க அத்தினி பேரும் எறக்கி வெச்சாங்க. கரையேறி நடந்தாங்க. கொஞ்ச நேரத்துல மேஸ்திரி முதலாளியப் பாத்துட்டு, சைக்கிளை மிதிச்சுக்கிட்டு என் கடை வாசல்ல வந்து எறங்குனாரு, பின்னாலயே பொம்பளைங்க கூட்டம். "ஏம்மா, நீ வித்த வாட்ச் வேகமா ஓடுது. இத்தினி பேரு முன்னால ஒத்துக்க. முதலாளி சொல்லி அனுப்பிச்சாரு, ஒத்துக்கலன்னா இன்னைக்கே கடையக் காலி பண்ணணுமாம்"னு கத்தினாரு. ஒரே ஒரு வார்த்தை. ஆமா, கொஞ்சம் வேகமாத்தான் ஓடுதுன்னு சொன்னா என் கடை எனக்கு. வெளிய அஞ்சலை நிக்கறா, என்னையே பாக்கறா. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! "மொதல்ல உங்க வாட்ச்ச அவுத்து இந்தக் கண்ணாடி மேல வைங்க மேஸ்திரி"ன்னேன்.

அவுத்து வெச்சாரு. தங்கக் கலரு. அவரு கல்யாணத்துக்கு மாமனாரு போட்டது. முதுகத் திருப்பினா மொலாம் உரிஞ்சு பித்தளை பச்சை பூத்திருக்குது. அஞ்சலை வாட்ச்சையும் வாங்கிப் பக்கத்துல வெச்சு, அவருதை அதே மணிக்குத் திருப்பி வெச்சு, டீ சொன்னேன். டீ குடிக்கறதுக்குள்ளயே அவருது பின்தங்கிடுச்சு. செவத்துல இருக்கற கடிகாரத்தையெல்லாம் காட்டினேன். "இதெல்லாம் உன் வீட்டுக் கடிகாரம், உன் பேச்சத்தான் கேக்கும்"னுட்டாரு. சரி, பக்கத்து டீக்கடை ரேடியோ என் பேச்சக் கேக்காதில்ல? மதியச் செய்தி வர்ற வரைக்கும் எல்லாரும் நின்னோம். பஸ்சுக்கு நிக்கறவங்க, பஸ்சை விட்டுட்டு நின்னாங்க. செய்தி ஆரம்பிச்சப்ப அஞ்சலை வாட்ச் கரெக்டா அதே நேரத்தைக் காட்டுச்சு. மேஸ்திரியோடது எங்கயோ பின்னால நொண்டிக்கிட்டு வருது. "தினமும் காலையில இதைத் திருப்பி வெப்பீங்களா?"ன்னு கேட்டேன். "பின்ன? வாட்ச்சுன்னா ராத்திரி தூங்கிடும், காலையில ரேடியோ கேட்டு எழுப்பி விடணும், எல்லா வாட்ச்சும் அப்டித்தானே?"ன்றாரு. மனுஷன் ஏமாத்தவே இல்ல. காலையில வேலைக்கு எறக்கறப்ப சரியா இருக்கற வாட்ச், கரையேறறப்ப அரை மணி பின்னால இருக்கும். வருஷக்கணக்கா அதை நெசம்னு நம்பியிருக்காரு. அவரு அந்த வாட்ச்சைக் கையில எடுத்து, காதுல வெச்சுக் கேட்டாரு. அப்புறம் தன் கருத்துப் போன கையைப் பாத்தாரு. திடீர்னு என்னைப் பாத்துக் கத்தினாரு: "அப்ப நானும்தானே அந்த வெயில்ல நின்னேன்? என் அரை மணி நேரத்தை எவன் குடுப்பான்?"

யாரு வேணும்னாலும்

மறுநாள் மேஸ்திரி அஞ்சலையை வேலைக்குச் சேத்துக்கிட்டாரு. அந்த அளத்துல பதினொண்ணு பதினொண்ணுக்கே ஆயிடுச்சு, அவருக்கும் வீட்டுக்குப் போவணுமில்ல? ரெண்டு வாரத்துல என்கிட்ட ஒரு ஸ்டீல் வாட்ச் வாங்கினாரு, முதுகைத் திருப்பிப் பாத்துத்தான் வாங்கினாரு. ஆனா முதலாளி சொன்ன சொல்லு மாறல. காலி பண்ணுன்னாரு. பொங்கல் வரைக்கும் தவணை இருக்குதுன்னு நான் மொறைச்சேன், நாலு பேரைக் கூட்டியாந்து பேசினேன், பொங்கல் வரைக்கும் ஒரு நாள் கூடக் கொறைக்காம உக்காந்தேன். அப்புறம் அலமாரி, கடிகாரம் எல்லாத்தையும் தூக்கிட்டு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், ஒரு தகரக் கொட்டாய்க்கு மாறினேன். எடம் பாதிதான். வெயில் காலத்துல உள்ள உக்காந்தா வேகும். அழுதேனான்னு கேட்டா, அழுதேன், ஒரு நாள். அடுத்த நாள் போர்டு மாட்டினேன், பழைய கடையில இருந்ததை விடப் பெருசா.

சாவியைத் திருப்பிக் குடுக்கப் போனப்ப முதலாளிகிட்ட கேட்டே விட்டேன். வாட்ச் செத்துப் போச்சுன்னு சொன்னீங்களே, செத்தது ஒண்ணைக் கட்டினவளைப் பாத்து எதுக்கு இவ்ளோ பயம்னு. அவரு சாவியை வாங்கி மேஜை மேல வெச்சாரு. கோவப்படல. அவரு கையில வெள்ளையா, கனமா, மரை மூடி போட்ட அசல் ஸ்டீல் வாட்ச் ஒண்ணு இருந்துச்சு, நான் கண்ணால பாத்தாலே கண்டுபுடிச்சுடுவேன். அதைத் திருப்பி மணி பாத்துக்கிட்டே, நேரமாயிடுச்சுன்னு எழுந்துக்கிட்டே சொன்னாரு: "வாட்ச்ச யாரு வேணும்னாலும் கட்டலாம்னு ஆயிட்டா, அப்புறம் எப்டிம்மா வேலை வாங்கறது?"

ஆகவே என் சக பாவிகளே, நல்ல வாட்ச் வாங்கறது வீண் செலவுன்னு யாராவது உங்களுக்குப் புத்தி சொன்னா, கோவிச்சுக்காம, அந்த ஆளோட சட்டைக் கையை மட்டும் கொஞ்சம் மேல தூக்கிப் பாருங்க.